பருத்திக்காட்டுப் பாட்டு

மெம்ஃபிஸ் நகரின் கடைசி பெட்ரோல் பங்கைத் தாண்டி 61ஆம் எண் நெடுஞ்சாலை தெற்கே இறங்கியதும் நிலம் தட்டையாகிவிடுகிறது. மேடு இல்லை, குன்று இல்லை, வளைவுகூட அபூர்வம். இரண்டு பக்கமும் அடிவானம் வரை பருத்தி. அக்டோபர் என்பதால் அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. காற்றில் பறந்த பஞ்சு சாலையோரப் புல்லில் ஒட்டி வழிநெடுக வெள்ளையாகக் கிடந்தது. எடுத்த பருத்தியை ஆள் உயரத்துக்கு மேல் உருளைகளாகச் சுருட்டி, மஞ்சள் பிளாஸ்டிக் உறை போட்டு, வயலோரங்களில் வரிசையாக வைத்திருந்தார்கள். தூரத்தில் ஓர் எந்திரம் ஊர்ந்தது. அதை ஓட்டுகிறவரைத் தவிர அந்தப் பரந்த வெளியில் யாரும் கண்ணில் படவில்லை.

அமெரிக்காவின் தெற்கில் உள்ள இந்தப் பகுதிக்கு மிசிசிப்பி டெல்டா என்று பெயர். நதி கடலில் கலக்கும் இடம் இதுவல்ல. அது இன்னும் பல நூறு கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. மிசிசிப்பி, யாசூ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே, மெம்ஃபிஸ் பக்கத்திலிருந்து விக்ஸ்பர்க் வரை சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்திருக்கும் வண்டல் சமவெளி இது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வெள்ளம் கொண்டுவந்து சேர்த்த கரிய மண். சார்லி பேட்டன், சன் ஹவுஸ், ராபர்ட் ஜான்சன், மட்டி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப், ஜான் லீ ஹூக்கர், பி. பி. கிங், ஐக் டர்னர் எல்லாரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள் அல்லது இங்கே வந்து வளர்ந்தவர்கள். இவர்கள் பாடிய ப்ளூஸ் என்ற இசை இல்லாமல் ராக் இசை இல்லை. ஒரு பகல் பயணத்தில் சுற்றிவிடக்கூடிய வயல்வெளியிலிருந்து இத்தனை பெரிய இசை எப்படிக் கிளம்பியது என்ற வியப்புதான் என்னை இங்கே இழுத்துவந்தது.

மெம்ஃபிஸிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி கிளார்க்ஸ்டேல். 61ஆம் சாலையும் 49ஆம் சாலையும் சந்திக்கும் இடத்தில் ஒரு கம்பத்தின் உச்சியில் மூன்று நீலக் கிட்டார்கள். அதன் கீழே நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊர் சின்னது. கடைத்தெருவில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. மிச்சப் பாதியில் இசை இருக்கிறது. 1918-ல் கட்டிய ரயில்வே சரக்குக் கிடங்கு ஒன்றில் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம் இயங்குகிறது.

அதன் உள்ளே ஒரு வீடு நிற்கிறது. சைப்ரஸ் மரக்கட்டைகளைக் கையால் செதுக்கி அடுக்கிக் கட்டிய ஒற்றை அறை. கட்டைகளில் கோடரி பட்ட தடங்கள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. மட்டி வாட்டர்ஸ் ஸ்டோவால் பண்ணையில் குடியிருந்த வீடு அது. பண்ணையிலிருந்து பிரித்து எடுத்துவந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். மட்டி அந்தப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். 1941 ஆகஸ்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பின இசை அறிஞர் ஜான் வொர்க்கும், தட்டில் நேரடியாக ஒலியைப் பதியும் கனமான கருவியோடு இந்த வீட்டுக்கு வந்தார்கள். மட்டி பாடினார், பதிந்தார்கள். பிறகு 20 டாலர் காசோலையும் இசைத்தட்டின் இரண்டு பிரதிகளும் தபாலில் வந்தன. தன் குரலைத் தட்டில் கேட்ட பிறகுதான், பாட்டை நம்பிப் பிழைக்கலாம் என்ற துணிவு வந்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1943-ல் கூலி உயர்வு கேட்டார், மறுத்தார்கள். கிளார்க்ஸ்டேல் ரயில் நிலையத்தில் சிகாகோ வண்டி ஏறினார்.

அந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பத்து எட்டில் நடந்து முடித்துவிடலாம். உலகத்தின் பெரிய மைதானங்களில் ஒலிக்கும் கிட்டார் ஒலி இந்த நாலு சுவருக்குள் ஒருமுறை சுருங்கிக் கிடந்தது என்பது, கண்ணால் பார்த்த பிறகும் நம்ப முடியாததாகவே இருந்தது.

கிளார்க்ஸ்டேலில் ஒரு முதியவர் வீட்டுத் திண்ணையில் வைத்து எனக்கு ஒற்றைக் கம்பி வாத்தியத்தைக் காட்டினார். டிட்லி போ என்பார்கள். டெல்டாவின் கிட்டார்க்காரர்களில் பலருக்குச் சிறுவயதில் இதுதான் முதல் வாத்தியம். துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியை அவிழ்த்து, நீட்டி, வீட்டின் மரச்சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டவேண்டும். கம்பிக்கு அடியில் ஒரு கண்ணாடிப் புட்டியைச் செருகினால் கம்பி விறைக்கும். வலக்கையால் மீட்டிக்கொண்டே, இடக்கையில் இன்னொரு புட்டியைக் கம்பியின்மேல் வழுக்கவேண்டும். மரச்சுவர் அதிர்ந்து முழு வீடும் வாத்தியமாகிறது.

அவர் புட்டியை வழுக்கியபோது வந்த ஒலியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. படிப்படியாக ஏறும் ஸ்வரங்கள் அல்ல. அழுகிற மனிதக் குரல். கிட்டாரில் ஸ்வரங்களைப் பிரித்துக்கொடுக்கும் உலோகக் கட்டைகள் இதில் கிடையாது. எந்த இடத்திலும் நிற்கலாம், எதையும் தொட்டுவிட்டு நழுவலாம். பின்னாளில் கையில் கிட்டார் கிடைத்தபோதும் இவர்கள் இந்தப் பழக்கத்தை விடவில்லை. உடைத்த புட்டியின் கழுத்தையோ கத்தியையோ வைத்து கிட்டாரையும் அப்படியே வழுக்கி வாசித்தார்கள். ஸ்லைடு கிட்டார் என்று இன்று உலகம் முழுக்கச் சொல்லும் பாணியில் இந்தத் துடைப்பக் கம்பிக்கும் பங்கு உண்டு. டெல்டாவில் சுற்றச் சுற்ற ஒன்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இல்லாமையை ஈடுகட்டச் செய்த காரியங்களே இந்த இசையின் அழகாக மாறியிருக்கின்றன. ஒரு குறையையும் இவர்கள் ஒளிக்கவில்லை, அதையே ஒலியாக்கினார்கள்.

அன்று இரவு ஜூக் ஜாயின்ட் என்று சொல்லும் ஒரு பாட்டு விடுதிக்குப் போனேன். தாழ்ந்த கூரை, சிவப்பு பல்புகள், ஒரே ஒரு பில்லியர்ட்ஸ் மேசை. மேடை கிடையாது, தரையில் விரித்த பழைய கம்பளத்தின்மேல் மூன்று பேர். கிட்டார், பாஸ், டிரம்ஸ். வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே இரண்டடிகூட இல்லை. சாயங்காலம் சாப்பிட்ட ஹாட் டமாலேயின் காரம் நாக்கில் இன்னும் இருந்தது. மக்காச்சோள மாவில் இறைச்சியைப் பொதிந்து, சோளத் தோகையில் சுருட்டி, மசாலா நீரில் வேகவைக்கும் பண்டம் அது. ராபர்ட் ஜான்சன் அதைப் பற்றியே ஒரு பாட்டுப் பதிந்திருக்கிறார்.

ப்ளூஸின் அமைப்பைப் பற்றிப் படித்திருந்தேன். அங்கேதான் அது உடம்பில் ஏறியது. முதலில் ஒரு வரி பாடுகிறார். அதே வரியை மறுபடி பாடுகிறார். மூன்றாவது வரியில் அதற்கு விடை சொல்கிறார். ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார், ஒவ்வொரு பாருக்கும் நான்கு தட்டு. மொத்தம் 12 பார். வரி பாதி இடத்திலேயே முடிந்துவிடும்; மீதி இடத்தில் கிட்டார் பதில் சொல்லும். வயலில் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுத்து வேலை செய்த மரபு, இங்கே ஒரே மனிதரின் தொண்டைக்கும் விரலுக்கும் இடையிலான உரையாடலாகிவிட்டது.

இதில் என்னை அசைத்தது இரண்டாம் வரிதான். சொல் அதேதான். ஆனால் அடியில் ஒலிக்கும் கார்டு மாறிவிடுகிறது. ஷட்ஜத்தில் நின்ற பாட்டு மத்யமத்துக்கு நகர்ந்துவிடுகிறது. முதல் முறை செய்தியாகக் கேட்டது இரண்டாம் முறை வலியாகக் கேட்கிறது. மூன்றாம் வரி பஞ்சமத்தில் ஏறி, கீழே இறங்கி, வீடு வந்து சேர்கிறது. காந்தாரமும் நிஷாதமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே, பியானோவில் கட்டையே இல்லாத இடத்தில், காந்தாரம் கமகம்போல அசைந்துகொண்டே இருக்கிறது; நிஷாதமும் தன் இடத்தில் அப்படியே. கர்நாடக இசை கேட்ட காதுக்கு இந்த அசைவு அந்நியமாகவே தோன்றாது. அதனால்தானோ என்னவோ, ஒரு சொல்லும் புரியாதபோதுகூட அந்தக் குரல் என்னை உடனே பிடித்துக்கொண்டது.

மறுநாள் தெற்கே டட்வைலர். பழைய நிலையக் கட்டடம் போய்விட்டது. 1903 வாக்கில் டபிள்யூ. சி. ஹேண்டி என்ற கறுப்பின இசைக்குழுத் தலைவர் இங்கே தாமதமான ரயிலுக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் கந்தல் உடுத்த ஒருவர் கிட்டார் கம்பியில் கத்தியை அழுத்தி வழுக்கியபடி, இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிடும் ஓர் ஊருக்குப் போவதைப் பற்றி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார். அந்த ஊர் மூர்ஹெட். தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்தை இன்றும் பார்க்கலாம். முறையாக இசை பயின்ற ஹேண்டிக்கு அப்படியோர் ஒலி புதிது. அவர் அதை எழுதிவைத்தார், தாளில் கொண்டுவந்தார். 1912-ல் அவருடைய ‘மெம்ஃபிஸ் ப்ளூஸ்’ அச்சானது. ஹேண்டியை ப்ளூஸின் தந்தை என்கிறார்கள். கத்தி வைத்து வாசித்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது. ப்ளூஸின் வரலாறு முழுவதுமே இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

இசைத்தட்டில் ப்ளூஸை முதலில் நிறுத்தியவர்கள் பெண்கள் என்பதை இங்கே சொல்லவேண்டும். 1920-ல் மேமி ஸ்மித் நியூயார்க்கில் பதிந்த ‘கிரேஸி ப்ளூஸ்’ பெரும் எண்ணிக்கையில் விற்ற பிறகுதான், கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்று நிறுவனங்களுக்குப் புரிந்தது. மா ரெய்னியும் பெஸ்ஸி ஸ்மித்தும் அந்தக் கதவு வழியே வந்தார்கள். பெஸ்ஸி 1937 செப்டம்பரில் இதே 61ஆம் சாலையில் நடந்த கார் விபத்துக்குப் பின், கிளார்க்ஸ்டேலில் கறுப்பின மக்களுக்கான மருத்துவமனையில் இறந்தார். அந்தக் கட்டடம் பிறகு ரிவர்சைடு ஹோட்டல் ஆனது. ஐக் டர்னர் உட்படப் பல இசைக்கலைஞர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள்.

டட்வைலரைத் தாண்டினால் பார்ச்மன். 1901-ல் தொடங்கிய மாநிலச் சிறைப் பண்ணை. சன் ஹவுஸும் பக்கா வைட் என்ற ப்ளூஸ் கலைஞரும் இங்கே கைதிகளாக இருந்தவர்கள். கோடரியும் மண்வெட்டியும் ஒரே தாளத்தில் விழவேண்டும் என்பதற்காகக் கைதிகள் பாடிய வேலைப் பாட்டுகளை லோமாக்ஸ் பதிந்துவைத்திருக்கிறார். அந்தப் பதிவுகளில் கோடரி மரத்தில் விழும் ஓசையே தாளம். வண்டியை நிறுத்தாமல் அந்த வேலியைக் கடந்தேன்.

டாக்கரி பண்ணையில் இறங்கினேன். வில் டாக்கரி 1895-ல் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 40 சதுர மைல் பரப்பு. சொந்தமாகக் கடை, தேவாலயங்கள், பண்ணைக்குள் மட்டும் செல்லும் பணம்கூட இருந்தன. இன்று விதைக் கிடங்கும் பருத்தி அரைவை ஆலையும் சன்ஃபிளவர் ஆற்றங்கரையில் பழுதுபார்க்கப்பட்டு நிற்கின்றன. இங்கே குடியிருந்த சார்லி பேட்டன்தான் டெல்டா ப்ளூஸின் மூலவர் என்று சொல்லத்தக்கவர். தனக்கு மூத்த ஹென்றி ஸ்லோனிடமிருந்து கற்றவர். பிறகு ஹவ்லின் வுல்ஃபுக்குக் கற்றுக்கொடுத்தவர். கிட்டாரைத் தலைக்குப் பின்னால் வைத்தும், கால்களுக்கு நடுவே வைத்தும் வாசிப்பார். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையில் செய்தபோது உலகம் வாய்பிளந்து பார்த்ததை, இவர் 40 ஆண்டுக்கு முன்பே பண்ணைக் கடை வாசலில் செய்திருக்கிறார்.

அந்த வாசலில் நின்றால் சனிக்கிழமையின் அருமை புரிகிறது. அடிமை முறை 1865-ல் ஒழிந்தது. அதன் இடத்தில் வாரச் சாகுபடி வந்தது. நிலம், கோவேறு கழுதை, விதை எல்லாம் முதலாளியுடையது. குடியானவருக்கு உழைப்பு மட்டும். விளைச்சலில் பாதி முதலாளிக்கு. வருஷம் முழுக்கப் பண்ணைக் கடையில் கடனுக்கு வாங்கிய மாவும் துணியும் மீதிப் பாதியில் கழியும். கணக்கு எழுதுவது முதலாளி. அதைக் கேள்வி கேட்க சட்டமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. பாடுபட்டவர் பெரும்பாலும் கடனோடுதான் வருஷத்தை முடித்தார். திங்கள் முதல் சனி மத்தியானம் வரை உடம்பு முதலாளிக்குச் சொந்தம். சனி மாலை முதல் ஞாயிறு காலை வரை மட்டும் அவருக்கே சொந்தம். அந்தச் சில மணி நேரத்துக்காகச் செய்த இசை இது. வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, விளக்கேற்றி, இரவெல்லாம் ஆடுவார்கள். ப்ளூஸ் சோகப் பாட்டு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். சோகம் அதன் பொருள். ஆட்டம் அதன் வேலை.

இண்டியனோலாவில் பி. பி. கிங் அருங்காட்சியகம். அவர் இளமையில் வேலை பார்த்த செங்கல் கட்டடமான பருத்தி அரைவை ஆலையை உள்ளடக்கியே 2008-ல் இதைத் திறந்தார்கள். 2015-ல் மறைந்த அவர் இந்த வளாகத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். ‘லூசில்’ என்று பெயரிட்ட அவருடைய கிட்டார்களை வரிசையாகப் பார்த்தேன். 1949-ல் ஆர்கன்ஸாவில் ட்விஸ்ட் என்ற சிற்றூரில் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண்ணுக்காக இருவர் சண்டையிட்டு எண்ணெய் அடுப்பைக் கவிழ்க்க, கொட்டகை பற்றிக்கொண்டது. விட்டுவந்த கிட்டாரை எடுக்க எரியும் கட்டடத்துக்குள் திரும்ப ஓடினார். அந்தப் பெண்ணின் பெயர்தான் லூசில்.

அங்கே நான் நெடுநேரம் நின்றது அவருடைய இடக்கையைக் காட்டும் காணொளிக்கு முன்னால். அவருக்கு ஸ்லைடு வாசிக்க வரவில்லை. உறவினரான பக்கா வைட் வழுக்கி எழுப்பிய அழுகையைத் தன் விரலாலேயே எழுப்ப முயன்றார். ஒரு ஸ்வரத்தை அழுத்தி, மணிக்கட்டைத் தளரவிட்டு, கையையே படபடவென்று அசைப்பார். கட்டை விரல் கிட்டாரின் கழுத்தை விட்டு விலகி நிற்கும். அந்த ஒரே ஸ்வரம் உயிர் பிடித்து நடுங்கும். பி. பி. கிங் என்றாலே நினைவுக்கு வரும் அந்த நடுக்கம், அவரால் செய்ய முடியாமல் போன ஒன்றிலிருந்து பிறந்தது. அதைக் கேட்டு வளர்ந்தவர் எரிக் கிளாப்டன். இன்று ராக் கிட்டார் வாசிக்கும் யாருடைய விரலிலும் அந்த அசைவின் சாயல் உண்டு.

கிரீன்வுட் நகருக்கு வடக்கே ‘மனி’ என்ற ஊருக்குப் போகும் சாலையில் ஒரு சின்ன வெள்ளைத் தேவாலயம், லிட்டில் ஸயன். அதன் பின்னால் பெரிய பெக்கான் மரத்தடியில் ராபர்ட் ஜான்சனின் கல்லறைக் கல். இந்த வட்டாரத்தில் அவருக்கு மூன்று இடங்களில் கல் இருக்கிறது. இதுதான் உண்மையான இடமாக இருக்கவேண்டும் என்று பலரும் கருதுகிறார்கள். 1938 ஆகஸ்டில், 27 வயதில் இறந்தார். 1936, 1937 ஆண்டுகளில் டெக்ஸாஸில் அவர் பதிந்த பாட்டுகள் மொத்தம் 29. வாழ்ந்த காலத்தில் அவரை அறிந்தவர்கள் கொஞ்சம் பேர். 1961-ல் அந்தப் பதிவுகளைத் தொகுத்து ஒரு தட்டு வெளிவந்தது. அதைக் கேட்ட இங்கிலாந்து இளைஞர்களும் அமெரிக்க இளைஞர்களும்தான் அடுத்த பத்தாண்டின் ராக் இசையை உருவாக்கினார்கள்.

நள்ளிரவில் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்று அவர் கிட்டார் கற்றார் என்ற கதையை வருகிறவர்களெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் மனம் ஒட்டவில்லை. சன் ஹவுஸ் முதலில் பார்த்தபோது ஜான்சன் வாசித்தது காதுக்கு ஒவ்வவில்லை. சில காலம் காணாமல் போய்த் திரும்பியபோது யாரும் எட்ட முடியாத உயரத்தில் இருந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் ஐக் ஸிம்மர்மன் என்ற ஆசிரியரிடம் இருந்தார். யாருக்கும் தொந்தரவு இல்லாத இடம் என்று இருவரும் இரவில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து சாதகம் செய்தார்கள். ஒரே கிட்டாரில் அடிநாதமும் தாளமும் மேல்ஸ்வரமும் ஒருசேர ஒலிக்கும் அந்த வாசிப்பு இரவிரவாக உழைத்துச் சேர்த்த சொத்து. அந்தப் பெருமையைச் சாத்தானுக்குக் கொடுப்பது அநியாயம்.

அதே சாலையில் சில மைல் போனால் மனி. இடிந்து, கொடி படர்ந்து கிடக்கும் செங்கல் சுவர்கள் ஒரு காலத்தில் மளிகைக் கடை. 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து விடுமுறைக்கு வந்த 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில், இந்தக் கடையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டான் என்ற குற்றச்சாட்டில் கடத்திக் கொல்லப்பட்டான். குற்றம்சாட்டப்பட்ட இருவரையும் வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி விடுவித்தது. அதே ஆகஸ்டில் கறுப்பின ராக் கலைஞர் சக் பெரியின் ‘மேபலீன்’ என்ற பாட்டு விற்பனைப் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தது. கறுப்பு, வெள்ளை என்று பாராமல் இளைஞர்கள் வாங்கினார்கள். அந்தச் சுவர்களுக்கு முன்னால் நிற்கும்போது இரண்டையும் சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை. கறுப்பு மனிதர்களின் இசையை வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட தேசம், அந்த மனிதர்களை வாசலிலேயே நிறுத்தியிருந்தது.

வடக்கே திரும்பும் வழியில் கிளார்க்ஸ்டேலுக்கு வெளியே ஹாப்ஸன் பண்ணை. நட்டது முதல் எடுத்தது வரை முழுக்க எந்திரத்தாலேயே விளைந்த பருத்தி 1944-ல் இங்கே அறுவடையானது. 50 பேர் கையால் எடுப்பதை ஓர் எந்திரம் எடுத்தது. பயணத்தின் தொடக்கத்தில் ஆளில்லாத வயல்களைப் பார்த்தேனே, அதற்கான விடை இங்கே இருந்தது. 1910 முதல் 1970 வரை தெற்கிலிருந்து சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் வெளியேறினார்கள். டெல்டாக்காரர்களில் பெரும்பகுதி ரயிலேறிப் போய்ச் சேர்ந்தது சிகாகோ. அங்கே மது விடுதிகளின் இரைச்சலில் மரக்கிட்டார் எடுபடவில்லை. மட்டி வாட்டர்ஸ் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினார். துணைக்கு டிரம்ஸும் மவுத் ஆர்கனும் சேர்ந்தன. கிராமத்துப் பாட்டு நகரத்துக்கு ஏற்ற குரலை அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

மெம்ஃபிஸில் 706, யூனியன் அவென்யூ. சாம் ஃபிலிப்ஸ் 1950 ஜனவரியில் திறந்த ஒலிப்பதிவுக் கூடம், பிற்பாடு சன் ஸ்டுடியோ. ஒரு நடுத்தர வீட்டின் கூடம் அளவுதான் இருக்கும். 1951 மார்ச்சில் ஐக் டர்னரின் குழு கிளார்க்ஸ்டேலிலிருந்து 61ஆம் சாலையில் மழையோடு இங்கே வந்து சேர்ந்தது. வரும் வழியில் கிட்டாரின் ஆம்ப்ளிஃபயர் அடிபட்டு ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. வேறு வாங்க வழியில்லை. சாம் ஃபிலிப்ஸ் கிழிசலில் காகிதத்தைத் திணித்தார். கரகரவென்று, சாக்ஸஃபோன் முனகுவதைப்போல் ஒலி வந்தது. அதை மறைக்காமல் முன்னால் வைத்தே பதிந்தார். ஜாக்கி பிரென்ஸ்டன் பாடிய ‘ராக்கெட் 88’ அதுதான். முதல் ராக் அண்ட் ரோல் தட்டு இதுவே என்று சொல்பவர்கள் நிறைய. 1944-லேயே எலெக்ட்ரிக் கிட்டாரோடு தேவனைப் பாடிய சிஸ்டர் ரோசெட்டா தார்ப்பை முதலில் வைப்பவர்களும் உண்டு. எது முதல் என்பது முடியாத வழக்கு. ஆனால் அந்தக் கரகரப்பு நிச்சயம். பின்னாளில் லட்சக்கணக்கான ராக் கிட்டார்க்காரர்கள் கருவி வாங்கி வரவழைத்துக்கொள்ளும் ஒலி, இந்த அறையில் ஒரு கிழிந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

அதே அறையில் 1954 ஜூலை 5 அன்று, 19 வயது எல்விஸ் பிரெஸ்லி ஆர்தர் க்ரடப்பின் பழைய பாட்டு ஒன்றைப் பாடிப் பார்த்தார். அதோடு உலகம் மாறியது. மிசிசிப்பிக்காரரான க்ரடப் அந்தப் பாட்டை 1946-லேயே பதிந்தவர். தன் பாட்டுக்கு உரிய ராயல்டியைப் பெறாமலே, வயல் வேலை செய்து பிழைத்து 1974-ல் இறந்தார். விளைந்த பருத்தியின் கணக்கைப்போலவே பாட்டின் கணக்கையும் வேறு யாரோதான் எழுதினார்கள். ராக் இசையைக் கொண்டாடுகிற ஒவ்வொருவரும் இந்தக் கடனை நினைவில் வைத்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் நெஞ்சுக்கு நெருக்கமானது என்று இந்த இசையை ஜப்பானிலும் பிரேசிலிலும் மாலியிலும் சொல்கிறார்கள். மட்டி வாட்டர்ஸ் 1950-ல் பதிந்த ஒரு பாட்டின் தலைப்பைத்தான் லண்டன் இளைஞர்கள் 1962-ல் தங்கள் குழுவுக்கு ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்று வைத்துக்கொண்டார்கள். 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத் தட்டில், இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பாட்டோடு, பார்வையற்ற ப்ளூஸ் கலைஞர் வில்லி ஜான்சன் 1927-ல் பதிந்த பாட்டும் சக் பெரியின் பாட்டும் இருக்கின்றன. இந்த இசை இவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் நான் டெல்டாவில் கண்டதுதான். கம்பி ஒன்று, கார்டு மூன்று, வரி மூன்று. இதற்குக் குறைந்த முதலில் பெரிய இசை செய்ய முடியாது. முதல் குறைவு என்பதால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். வந்தவர் தன் சொந்தத் துயரத்தைக் கொண்டுவந்தால் போதும். மற்றதைப் பன்னிரண்டு பார் பார்த்துக்கொள்ளும்.

டெல்டா வரை போக முடியாதவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்தப் பாட்டுகளை ஜோடி ஜோடியாகக் கேளுங்கள். மட்டி வாட்டர்ஸ் 1941-ல் பண்ணை வீட்டில் பாடிய ‘ஐ பீஸ் ட்ரபிள்ட்’. அதையே அவர் 1948-ல் சிகாகோவில் எலெக்ட்ரிக் கிட்டாரோடு பாடிய ‘ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்’. க்ரடப்பின் 1946 பதிவு; எல்விஸின் 1954 பதிவு. பிக் மாமா தார்ன்டனின் ‘ஹவுண்ட் டாக்’. எல்விஸின் ‘ஹவுண்ட் டாக்’. ராபர்ட் ஜான்சனின் 1936 நாற்சந்திப் பாட்டு. கிரீம் குழு 1968-ல் மேடையில் முழங்கிய அதே பாட்டு. ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். வரிகள் நகரும்போது அடியில் கார்டு மாறுவதை மட்டும் கவனியுங்கள். அந்த மாற்றத்தைக் காது ஒருமுறை பிடித்துவிட்டால், அதற்குப் பிறகு எந்த ராக் பாட்டைக் கேட்டாலும் அதைச் செய்துகொடுத்த மக்களை மறந்து கேட்க முடியாது.